விதைநெல்லைத் தின்னாத மனிதர்: ரொனால்ட் ரீடின் வரவு செலவு

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், கனெக்டிகட் ஆற்றங்கரையில் பிராட்டில்பரோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஏறத்தாழ 12,000 பேர் வாழும் ஊர். 2014 ஜூன் 2 அன்று அங்கே ரொனால்ட் ரீட் என்ற முதியவர் தமது 92ஆம் வயதில் காலமானார். பெட்ரோல் பங்கில் வண்டிகளுக்கு எண்ணெய் போட்டு, பழுது பார்த்து, அப்புறம் ஒரு ஜே.சி. பென்னி கடையில் தரை கூட்டிப் பிழைத்தவர். அவர் விட்டுச்சென்ற சொத்து ஏறத்தாழ 80 லட்சம் டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் கிட்டத்தட்ட 50 கோடி ரூபாய்.

இந்தச் செய்தி 2015 பிப்ரவரியில் வெளியே வந்தபோது உலகம் முழுக்கப் பேசினார்கள். இன்றும் எளிமை வாழ்க்கையைப் பற்றியோ சேமிப்பைப் பற்றியோ யாராவது பேச ஆரம்பித்தால், பத்து நிமிடத்துக்குள் ரீட் வந்துவிடுவார். கிழிந்த கோட்டுக்கு அவர் ஊக்கு குத்தியிருந்ததைச் சொல்வார்கள். பார்க்கிங் காசு மிச்சப்படுத்த வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்ததைச் சொல்வார்கள். அங்கேயே கதை முடிந்துவிடும். கேட்பவர் மனதில் என்ன தங்கும்? ஊக்கு குத்தினால் கோடீஸ்வரர் ஆகலாம் என்றா?

எனக்கு இது நீண்ட நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. ஊக்கில் இருந்து 80 லட்சம் டாலருக்குப் போகும் வழியில் என்னென்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கைதான். ஆனால் எளிமை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு வாழ்க்கை எனக்குத் தெரிந்து இல்லை.

பிழைப்பு

ரீட் 1921 அக்டோபர் 23 அன்று பிராட்டில்பரோவுக்குப் பக்கத்து ஊரான டம்மர்ஸ்டனில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். உயர்நிலைப் பள்ளி நான்கு மைல் தள்ளி. நடந்தோ, வழியில் போகும் வண்டிகளைக் கைகாட்டி ஏறியோ போய்வந்தார். குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் அவர்தான், 1940இல். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து இத்தாலி வரை போனார். 1945இல் ஊர் திரும்பினார். பிற்பாடு, தன் அண்ணன் தம்பிகளில் ஒருவர் கூட்டாளியாக இருந்த பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தார். சுமார் 25 வருடம் அந்த வேலை. ஓய்வு பெற்றார். ஒரு வருடம் போனது. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை போலும், ஜே.சி. பென்னியில் பகுதி நேரத் துப்புரவுப் பணிக்குப் போனார். அங்கே 17 வருடம், 1997 வரை. விடைபெற்றபோது வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது.

1960இல், இரண்டு குழந்தைகளுடன் இருந்த ஒரு பெண்ணை மணந்தார். மனைவி 1970இல் இறந்துவிட்டார். அதன்பின் மறுமணம் இல்லை.

இந்தப் பகுதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. சம்பளம் சின்னதுதான், ஆனால் அது நாற்பது வருடத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தது. இடையில் கடையோ தொழிலோ தொடங்கி அவர் கைப்பணத்தை இழக்கவில்லை. முதல் ஓய்வுக்குப் பிறகு வந்த 17 வருடச் சம்பளம் இன்னொரு வகையிலும் முக்கியம். அது வந்துகொண்டிருந்ததால், அதுவரை சேர்த்ததில் அவர் கைவைக்கத் தேவை வரவில்லை.

செலவுப் பக்கம்

38 வயதில் 12,000 டாலருக்கு இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை வாங்கினார். சாகும்வரை அதே வீடு. கடைசியாக ஓட்டியது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2007ஆம் வருடத்து டொயோட்டா யாரிஸ். வெர்மான்ட்டில் குளிர்காலம் கடுமையானது. வீட்டைச் சூடாக வைக்க ஆகும் செலவு ஒவ்வொரு குடும்பத்தையும் கடிக்கும். ரீட் விறகு வெட்டினார். விழுந்து கிடக்கும் மரக்கிளைகளைப் பொறுக்கி, தானே பிளந்து அடுக்கினார். நல்ல முதுமையிலும் இதை அவர் விடவில்லை. காலைச் சாப்பாடு பல நாட்கள் ஊர் மருத்துவமனையின் காபி கடையில்: வேர்க்கடலை வெண்ணெய் தடவிய இங்கிலீஷ் மஃபின், ஒரு காபி. உடை, பழைய ஃபிளானல் சட்டையும் அந்த ஊக்கு குத்திய கோட்டும்.

இவற்றில் எது பணம் சேர்த்தது?

முதலில் பார்க்கிங். ஒரு தடவைக்குக் கால் டாலர் என்று வைப்போம். வருடத்துக்கு 300 நாள் அதைத் தவிர்த்தாலும் 75 டாலர்தான். ஊக்குக்கும் கிட்டத்தட்ட இதே கதி. புதுக் கோட்டை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வாங்குவோம், அதைக் கொண்டு எவ்வளவு மிஞ்சிவிடும்?

இப்போது வீட்டைப் பாருங்கள். 1975இல் அமெரிக்காவில் புதிதாக விற்ற வீடுகளின் இடைநிலை விலை 39,000 டாலர் சொச்சம். வீட்டுக்கடன் வட்டி 9 சதவீதம் அளவில் இருந்தது. அந்த வருடம் ரீட் மற்றவர்களைப் போல ‘கொஞ்சம் பெரிய வீடு’ பார்த்திருந்தால், ஐந்தில் ஒரு பங்கைக் கையில் இருந்து கொடுத்துவிட்டு, மீதிக்கு 30 வருடக் கடன் எடுத்திருந்தால், மாதத் தவணை மட்டும் 250 டாலர். வருடத்துக்கு 3,000. பார்க்கிங்கில் மிச்சமானதைப் போல 40 மடங்கு. இதில் பெரிய வீட்டுக்கான வரி, அதைச் சூடாக்கும் செலவு, அறைகளை நிரப்ப வாங்கும் சாமான்கள் எதையும் நான் சேர்க்கவில்லை.

நான் இதில் நெடுநேரம் நின்றேன். ரீட் தினமும் நூறு ஆசைகளை அடக்கிக்கொண்டு வாழ்ந்த தவசி என்றுதான் எல்லோரும் சித்திரம் தீட்டுகிறார்கள். அவர் கணக்கைப் பார்த்தால், நாற்பது ஐம்பது வருடத்தில் அவர் உண்மையாகவே ‘வேண்டாம்’ என்று சொல்லவேண்டி இருந்தது சில தடவைகள்தான்: வீடு மாற வேண்டாம், புதுக் கார் வேண்டாம், எண்ணெய் எரித்துச் சூடாக்க வேண்டாம். ஒருமுறை சொன்னால் போதும், ஒவ்வொரு மாதமும் அது தானாகவே பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். மாதாமாதம் திரும்பி வரும் செலவுதான் ஒரு குடும்பத்தின் உண்மையான பாரம். காபியை விட்டுவிட்டுத் தவணையில் கார் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். காபியைக் குடியுங்கள், அந்தத் தவணையை ஒருமுறைக்கு நாலு முறை யோசியுங்கள் என்று சொல்லத் தோன்றும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லவேண்டும். இப்போது மினிமலிசம் என்ற பெயரில் வீட்டைக் காலி செய்வது ஒரு வழக்கமாகி இருக்கிறது. வெள்ளைச் சுவர், ஒரே ஒரு செடி, ஒரே நிறத்தில் பத்து டப்பாக்கள். ரீட் வீடு அப்படி இல்லை. அவர் தபால்தலையும் நாணயமும் சேகரித்தவர். விறகை அடுக்கி வைத்தவர். இருந்ததைத் தூக்கிப் போட்டதாக எங்கும் இல்லை. புதிதாக வாங்கவில்லை, அவ்வளவுதான். நாங்கள் ஒருமுறை பரணை ஒழித்தோம். இரண்டு நாள் வேலை. பழைய சாமான் கடைக்காரர் எடைபோட்டுத் தந்தது 640 ரூபாய். அந்தச் சாமான்களை வாங்கியபோது கொடுத்ததை நானும் என் மனைவியும் உட்கார்ந்து நினைவுபடுத்திக் கூட்டினோம். 40,000 ரூபாய்க்கு மேல் போனதும் கூட்டுவதை நிறுத்திவிட்டோம். பொருளை வெளியேற்றினால் வீட்டில் இடம் கிடைக்கும், மனசும் லேசாகும். அது நல்லதுதான். ஆனால் பணம் அதற்கு வெகு முன்பே, கடையில் பில் போட்ட அன்றே போய்விட்டது.

லாக்கர்ப் பக்கம்

ரீட் இறந்தபின் வங்கியில் அவருடைய பாதுகாப்புப் பெட்டகத்தைத் திறந்தபோது, உள்ளே ஐந்து அங்குலத் தடிமனில் பங்குச் சான்றிதழ்கள் அடுக்காக இருந்தன. காகிதச் சான்றிதழ்கள். கடைசிக் காலத்தில் அவர் கையில் குறைந்தது 95 நிறுவனங்களின் பங்குகள் இருந்தன. புராக்டர் அண்ட் கேம்பிள், ஜான்சன் அண்ட் ஜான்சன், ஜெனரல் எலக்ட்ரிக், ஜே.பி. மோர்கன் சேஸ், வெல்ஸ் ஃபார்கோ, டௌ கெமிக்கல், சி.வி.எஸ்., ஜாம் தயாரிக்கும் ஜே.எம். ஸ்மக்கர். சோப்பு, மருந்து, வங்கி, மின்சாரம், ரயில் என்று ஊரில் எல்லாரும் தினமும் பயன்படுத்தும் விஷயங்கள். தனக்குப் புரியாத தொழில்நுட்ப நிறுவனங்களை அவர் தொடவில்லை. பங்குகளைப் பற்றி அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் என்ற வணிக நாளிதழைப் படித்தார், ஊர் நூலகத்துக்குப் போனார்.

1959 ஜனவரி 13 அன்று பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 39 பங்குகளை 2,380 டாலருக்கு வாங்கியதாகப் பதிவு இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 37. ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் இடைநிலை ஆண்டு வருமானமே அந்த வருடம் சுமார் 5,400 டாலர்தான். பெட்ரோல் பங்கில் வேலை பார்த்த ஒருவர் அதில் ஏறக்குறைய பாதித் தொகையை ஒரே தடவையில் பங்குகளில் போட்டிருக்கிறார் என்றால், அதற்கு முன் எத்தனையோ வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்திருக்கவேண்டும்.

வாங்கியதை அவர் எளிதில் விற்கவில்லை. இதை அவருடைய மன உறுதி என்று மட்டும் நான் சொல்லமாட்டேன், அந்தக் காலத்து நடைமுறையும் அவருக்கு உதவியது. 1975 மே 1 வரை அமெரிக்காவில் புரோக்கர் கமிஷன் எல்லாருக்கும் ஒரே விகிதமாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. சிறு முதலீட்டாளருக்கு அது கனமான செலவு. அடிக்கடி வாங்கி விற்றால் கமிஷனே மென்று தின்றுவிடும். மேலும் காகிதச் சான்றிதழை விற்க, லாக்கரைத் திறந்து, எடுத்து, கையெழுத்திட்டு, அனுப்பவேண்டும். சந்தை விழுந்த அன்று பதற்றத்தில் செய்யக்கூடிய காரியம் இல்லை அது. இன்று கைபேசியில் ஒரே தட்டலில் விற்றுவிடலாம். வசதிதான். ஆனால் ரீடைக் காப்பாற்றிய தடை ஒன்று நமக்கு இல்லாமல் போய்விட்டது.

அவர் பங்கு வைத்திருந்த காலத்தில் சந்தை என்னென்ன பாடுபட்டது என்றும் பார்க்கவேண்டும். 1973, 1974இல், அமெரிக்கப் பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் டௌ ஜோன்ஸ் குறியீடு ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. 1987 அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. 2000க்குப் பிறகு தொழில்நுட்பப் பங்குகள் சரிந்தன. 2008இல் வங்கிகளே கவிழ்ந்தன. அந்த வருடம் செப்டம்பர் 15 அன்று திவாலான லீமன் பிரதர்ஸ் பங்கும் ரீடிடம் இருந்தது. அந்தப் பணம் போய்விட்டது. மற்ற 95 நிறுவனங்கள் அந்த அடியைத் தாங்கின. குறியீடு 1959 தொடக்கத்தில் 600க்குக் கொஞ்சம் கீழே இருந்தது, அவர் இறந்தபோது 16,700ஐத் தாண்டியிருந்தது. இது வெறும் விலையின் ஏற்றம். நிறுவனங்கள் தம் லாபத்தில் இருந்து ஈவுத்தொகையாகத் தந்த பணத்தையும் அவர் சாப்பிடாமல் மறுபடி பங்குகளிலேயே போட்டார்.

என்னை வியக்க வைத்த இடம் இதுதான். வீட்டில் இருந்தது குறைவு, பெட்டகத்தில் இருந்தது நிறைவு. சாமான் வாங்குவதில் கையை இறுக்கிய மனிதர், முதலீட்டில் அப்படி இல்லை. ஒன்றிரண்டை நம்பி உட்காரவில்லை.

இதற்கு நேர் எதிரான வாழ்க்கை ஒன்றும் உண்டு. இல்லினாய் மாநிலத்து லேக் ஃபாரஸ்ட்டில் வாழ்ந்த கிரேஸ் க்ரோனர், அபாட் என்ற மருந்து நிறுவனத்தில் 43 வருடம் செயலாளராக இருந்தவர். 1935இல் தலா 60 டாலருக்கு அந்த நிறுவனத்தின் மூன்று பங்குகளை வாங்கினார். மொத்தம் 180 டாலர். அதை விற்கவே இல்லை. ஈவுத்தொகையை மறுபடி அதிலேயே போட்டார். ஒரு படுக்கையறை வீடு, பழைய துணி விற்பனையில் வாங்கிய உடை, கார் கிடையாது. 2010இல் தமது 100ஆம் வயதில் இறந்தபோது அந்த 180 டாலர் ஏறத்தாழ 70 லட்சமாகி, அவர் படித்த லேக் ஃபாரஸ்ட் கல்லூரிக்குப் போனது. அழகான வாழ்க்கை. ஆனாலும் யாராவது யோசனை கேட்டால் நான் க்ரோனரைக் காட்டமாட்டேன், ரீடைத்தான் காட்டுவேன். வேலை பார்த்த நிறுவனத்திலேயே எல்லாச் சேமிப்பையும் வைத்து, அந்த நிறுவனம் படுத்தால், சம்பளமும் சேமிப்பும் ஒரே நாளில் போகும். அபாட் படுக்கவில்லை, அது அவருக்கு வாய்த்த நல்வாய்ப்பு. ரீட் லீமனைச் சந்தித்தும் பிழைத்தார்.

வரியிலும் அவருக்கு ஒரு நன்மை இருந்தது. அமெரிக்காவில் பங்கு ஏறியதற்கான வரி, விற்றால்தான் வரும். விற்காதவரை, வரியாகப் போகவேண்டிய பணமும் அவருக்காக உழைத்துக்கொண்டிருந்தது. ஈவுத்தொகைக்கு மட்டும் வருடாவருடம் வரி கட்டவேண்டும். பங்குகளை நேரடியாக வைத்திருந்ததால் நிதி நிர்வாகக் கட்டணம் என்று யாருக்கும் வருடாவருடம் கொடுக்கவும் இல்லை.

நோட்டில் போட்ட கணக்கு

சரி, கணக்குக்கு வருவோம். இது ரீடின் உண்மையான வரவு செலவு அல்ல, எப்படி வளரும் என்று காட்ட நான் போட்ட கணக்கு. மாதம் 300 டாலர் என்று, வருடத்துக்கு 3,600 டாலர் சேமித்து, ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொண்டேன். நீண்ட காலப்போக்கில் அமெரிக்கப் பங்குச் சந்தை, ஈவுத்தொகையையும் சேர்த்து ஏறத்தாழ அந்த அளவுக்குத்தான் தந்திருக்கிறது. 1959இல் தொடங்கி 2014 வரை 55 வருடம்.

30 வருடம் முடிந்தபோது, அதாவது 67 வயதில், கையில் 5.9 லட்சம் டாலர். 40 வருடத்தில் 15.9 லட்சம். 50 வருடத்தில் 41.9 லட்சம். 55 வருடத்தில் 67.7 லட்சம். அவர் கையில் இருந்து போட்டது மொத்தமே 1.98 லட்சம்தான்.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 67.7 லட்சத்தில் கிட்டத்தட்ட நாலில் மூன்று பங்கு, அவருக்கு 77 வயது ஆனபிறகுதான் வந்திருக்கிறது. துப்புரவு வேலையையும் விட்டபிறகு! அந்த வயதில் ஒரு மனிதர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அவ்வளவு மிச்சப்படுத்த முடியாது. அவர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: விற்றுத் தின்னாமல் இருப்பது.

நம் ஊரில் விவசாயக் குடும்பங்களில் விதைநெல்லைத் தனியாகக் கோட்டை கட்டி வைப்பார்கள். வீட்டில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதில் கைவைக்க யாருக்கும் மனம் வராது. ரீடின் எளிமை செய்தது அந்த வேலையைத்தான். மழையையும் வெயிலையும் அது தரவில்லை. அதைக் காலமும், ஒரு நாட்டின் தொழில் வளர்ச்சியும் தந்தன. ஆனால் விதை வீட்டில் இருந்ததற்கு ஊக்கு குத்திய கோட்டும் 12,000 டாலர் வீடும்தான் காரணம். ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்று சொல்லிக்கொண்டே வளர்ந்த நமக்கு முதல் பாதி நன்றாகத் தெரியும். சிறுகக் கட்டியதை எவ்வளவு காலம் கட்டி வைப்பது என்பதில்தான் நம் பொறுமை தீர்ந்துவிடுகிறது.

அதே கணக்கை 10 சதவீதத்துக்குப் பதில் 8 சதவீதமாகப் போட்டேன். முடிவு 30.6 லட்சம். பாதிக்கும் கீழே! இரண்டு சதவீதம் என்றால் கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். யாராவது உங்கள் பணத்தை நிர்வகித்துத் தருகிறேன் என்று வருடத்துக்கு இரண்டு சதவீதம் கேட்டால், இந்த எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் சந்தை இப்படிச் சீராக ஏறவில்லை. 2000 முதல் 2009 வரையான பத்து வருடம் அமெரிக்கப் பங்குகளுக்கு மோசமான காலம். சம்பளமும் 1959இல் மாதம் 300 டாலர் மிச்சம் பிடிக்கும் அளவுக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. தொடக்கத்தில் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் போட்டிருப்பார். ஆனாலும் வளைவு இதேதான்: முதல் முப்பது வருடம் எறும்பு ஊர்வது போல, அதன்பின் வெள்ளம் போல.

ரீட் 67 வயதில் இறந்திருந்தால்? என் கணக்குப்படி சில லட்சம் டாலர். ஒரு துப்புரவுப் பணியாளருக்கு அதுவும் பெரிய சொத்து. ஆனால் செய்தியாகி இருக்காது, நானும் இதை எழுதியிருக்கமாட்டேன். 92 வயது வரை நல்ல உடம்போடு இருந்தது அவருடைய முதலீட்டுத் திறமைக்குச் சமமான காரணம்.

எங்கே பொருந்தாது

அவர் போட்ட நாடு அமெரிக்கா. அதே சிக்கனத்தோடு ஜப்பானில் ஒருவர் 1989இல் தன் சேமிப்பை எல்லாம் உள்ளூர்ப் பங்குகளில் வைத்திருந்தால்? நிக்கேய் குறியீடு அந்த வருடம் டிசம்பர் 29 அன்று 38,915ஐத் தொட்டது. அந்த உயரத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். முப்பத்து நாலு வருடம். அந்த மனிதர் ரீடைவிட ஒழுங்காக வாழ்ந்திருக்கலாம், அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது.

மருத்துவச் செலவும் அப்படித்தான். அமெரிக்காவில் 1966 முதல் 65 வயதானவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. உழைத்து ஓய்வு பெற்றவருக்கு மாதாமாதம் சமூகப் பாதுகாப்புத் தொகையும் உண்டு. முதுமையின் இரண்டு பெரிய பயங்களுக்கு அரசு ஓரளவு முட்டுக்கொடுத்த இடத்தில்தான் ஒருவர் தன் சேமிப்பை எல்லாம் பங்குகளில் போட்டுவிட்டு நிம்மதியாக விறகு வெட்ட முடியும். நம் குடும்பங்களில் ஒரே ஒரு ஆஸ்பத்திரி பில் பத்து வருடச் சேமிப்பைத் துடைத்துவிடும். அதனால் ரீடைப் பார்த்துத் தொடங்க நினைப்பவர் முதலில் குடும்பம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு எடுக்கவேண்டும். தன் சம்பளத்தை நம்பி யாராவது இருந்தால் டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, எடுக்கவேண்டும். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் தொடாமல் வைக்கவேண்டும். கிரெடிட் கார்டு பாக்கி, நகைக்கடன் இருந்தால் அடைக்கவேண்டும். பங்குகள் அப்புறம்தான். இந்த வரிசையை மாற்றினால், சந்தை விழுந்த அதே மாதத்தில் வீட்டில் அவசரம் வரும், விதைநெல்லை அள்ளி உலையில் போடவேண்டி இருக்கும்.

இன்னொரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடமுடியாது. மனைவி போனபிறகு ரீட் ஏறக்குறைய தனி மனிதர். நம் வீடுகளில் ஒரு சம்பளத்தில் பெற்றோரின் மருந்து, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், தங்கைக்கு வளைகாப்பு, ஊர்த் திருவிழா வரி என்று எத்தனையோ இருக்கும். இவற்றை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். உறவை வெட்டித்தான் எளிமை என்றால் அந்த எளிமை எனக்கு வேண்டாம். தனி ஒருவரின் சேமிப்பு விகிதத்தை ஐந்து பேர் உள்ள வீட்டோடு ஒப்பிட்டு யாரும் மனம் ஒடிந்துபோகவேண்டாம்.

காகிதச் சான்றிதழ் முறையும் இங்கே இனி இல்லை. 2019 ஏப்ரல் முதல், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதிப்படி காகிதப் பங்குகளை அடுத்தவர் பெயருக்கு மாற்றி விற்க முடியாது, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்குக்கு மாற்றியாகவேண்டும். யார் வீட்டிலாவது தாத்தா வாங்கிய பழைய சான்றிதழ்கள் இரும்புப் பெட்டியில் இருந்தால், இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

ஒரு காபி

ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற ரீடின் கோலத்தைப் பார்த்து, பாவம், கையில் காசு இருக்காது என்று முன்னால் நின்றவர் அவருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டாராம். இந்தச் சம்பவம் எனக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை. அந்த முன்பின் தெரியாதவரின் நல்ல மனசுதான் எனக்கு முதலில் தெரிகிறது. அடுத்து ஒரு வருத்தமும் வருகிறது. மனைவியின் பிள்ளைகளுக்குக்கூட அவரிடம் இவ்வளவு இருந்தது தெரியாது. யாரிடமும் சொல்லாததால் யாரும் கைநீட்டவில்லை, கடன் கேட்கவில்லை, அதனால் விதை தப்பியது. ஆனால் தான் கொடுத்தது மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று உயிரோடு இருக்கும்போது பார்க்கும் சந்தோஷமும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் கஞ்சரா? நான் இப்படிப் பார்க்கிறேன். கஞ்சர் தனக்கும் செய்யமாட்டார், பிறருக்கும் செய்யமாட்டார். ரீடுக்குப் பிடித்ததெல்லாம் விறகு வெட்டுவதும், பேப்பர் படிப்பதும், தெரிந்த கடையில் காபி குடிப்பதும். அவை அவருக்குத் தினமும் கிடைத்தன. பிடித்த வாழ்க்கையே மலிவாக அமைந்த மனிதர் அவர். பயணம் போகப் பிடித்த ஒருவர், பாட்டுக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஒருவர், தன்னை நெருக்கிக்கொண்டு அவரைப் போல வாழ முயன்றால் மூன்று மாதத்தில் சலித்துவிடும். பிடித்த இரண்டு விஷயத்துக்குத் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, பிடிக்காமலேயே ஊருக்காகச் செய்யும் செலவுகளை நிறுத்துவது நடக்கக்கூடிய காரியம்.

உயில்

ரீட் உயிலைத் தெளிவாக எழுதி வைத்திருந்தார். மனைவியின் பிள்ளைகளுக்கும், தன்னைக் கவனித்துக்கொண்டவர்களுக்கும், நண்பர்களுக்கும் ஒரு பங்கு. பிராட்டில்பரோ மெமோரியல் மருத்துவமனைக்கு 48 லட்சம் டாலர். மஃபினும் காபியும் சாப்பிட்ட அதே மருத்துவமனை. புரூக்ஸ் மெமோரியல் நூலகத்துக்கு 12 லட்சம் டாலர். 1886இல் நிறுவிய அந்த நூலகத்துக்கு அதுவரை அவ்வளவு பெரிய தொகையை யாரும் கொடுத்ததில்லை. மருத்துவமனைக்கும் அப்படியே.

அந்த ஐந்து அங்குலக் காகித அடுக்கு யாருக்கு என்று அவர் எழுதாமல் போயிருந்தால், 55 வருடப் பொறுமையும் வழக்கறிஞர்களின் மேசையில் பல வருடம் கிடந்திருக்கும். சேர்ப்பதைப் பற்றி இவ்வளவு படிக்கும் நாம், இந்த ஒரு தாளை எழுதுவதை மட்டும் அபசகுனம் போலத் தள்ளிப்போடுகிறோம்.

இந்தக் கணக்கை நோட்டில் முடித்த அன்று இரவு எங்கள் வங்கிக் கணக்குகளையும் வைப்பு நிதி ரசீதுகளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் நாமினி யார் என்று பார்த்தேன். ஒன்றில், ஒன்பது வருடத்துக்கு முன்னால் காலமான என் அப்பாவின் பெயர் அப்படியே இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு வங்கி திறந்ததும் போய், என் மனைவியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.